சவத்துக்கு எத்தனை மார்க்?

கோமதிநாயகத்துக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. சொந்தக்காரர்கள் யாரும் நம்பவில்லை. அந்த விஷயத்தில் கோமதிநாயகமும் சொந்தக்காரர்கள் கட்சிதான்.

திருநெல்வேலிக்குத் தெற்கே நாலுவழிச் சாலையின் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக அவை முறைத்துக்கொண்டு நின்றன. ஒன்று ஆவுடையப்பா பல்கலைக்கழகம், எதிரே இருப்பது குற்றாலலிங்கம் பல்கலைக்கழகம். கட்டியவர்கள் இருவரும் சம்பந்திகள். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று ஆரம்பித்த சண்டை. நீ ஆஸ்பத்திரி கட்டினால் நானும் ஆஸ்பத்திரி, நீ மண்டபம் கட்டினால் நானும் மண்டபம் என்று வளர்ந்து, கடைசியில் பல்கலைக்கழகத்தில் வந்து நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் இது எதுவும் தெரியாமல் கனடாவில் சௌக்கியமாக இருந்தார்கள்.

இரண்டிலும் பாடம் ஒன்றுதான், கட்டணம் ஒன்றுதான். விடுதிச் சாம்பார்கூட ஒரே காண்டிராக்டர் கொண்டுவந்து ஊற்றுவது. அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கூடப் படிக்கப் போகிற ஆட்களை வைத்துத்தான். அதற்குத்தான் ‘முன்னோட்டம்’ என்று ஓர் இயந்திரம் வந்திருந்தது.

ஒரு வாரம் தலையில் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு சாப்பிட்டு, பேசி, தூங்கி எழுந்தால் போதும். நீங்கள் எதற்குச் சிரிப்பீர்கள், எதற்கு வாயை மூடிக்கொள்வீர்கள், யாரைக் கண்டால் ஒதுங்குவீர்கள் என்று எல்லாவற்றையும் உறிஞ்சி உங்களைப் போலவே ஒரு நிழலை இயந்திரம் செய்துவிடும். அந்த நிழலை, விண்ணப்பித்த மற்றவர்களின் நிழல்களோடு சேர்த்து, கணினிக்குள் கட்டிய பொய்க் கல்லூரி ஒன்றில் அவிழ்த்துவிடுவார்கள். நாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அது நாலு வருஷம் படித்து முடித்துவிட்டு வரும். கடைசியில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு மார்க். இதை நடத்துகிற சென்னைக் கம்பெனி அந்த மார்க்குக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. நம் ஊரில் முதல் நாளே அதன் பெயர் ‘பொருத்தம்’ ஆகிவிட்டது. அம்மா அப்பாக்கள் ராகுகாலம் பார்த்துத்தான் ரிசல்ட்டைப் பிரித்தார்கள்.

கோமதிநாயகத்துக்கு இந்தப் பொருத்தம் உயிர்ப் பிரச்சினை. காரணம் சொன்னால் சிரிப்பார்கள். நாலு வருஷம் கூட உட்கார்ந்து சாப்பிட அவனுக்கு ஓர் ஆள் வேண்டும். பாடம் எப்படியும் புரியப் போவதில்லை, அது தெரிந்த விஷயம்.

அப்பாவின் வங்கி வேலையால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மாறியவன். எல்லா வகுப்பிலும் ரியான்ஷ், விஹான் என்று பெயர்கள் வழுக்கிக்கொண்டு ஓட, இவன் பெயர் மட்டும் நிலைப்படியில் இடித்துக்கொண்டு உள்ளே வரும். யாரும் கேலி செய்வதற்கு முன்னால் நாமே செய்துவிட்டால் என்ன என்று ஆறாம் வகுப்பில் அவனுக்கு ஒரு ஞானம் பிறந்தது. செய்தான். தன் பெயர், தன் காது, தன் கணக்கு மார்க் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். அதில் ‘போனார்கள்’ என்ற பாதியை அவன் யோசித்திருக்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில் பக்கத்தில் ஆள் இருக்காது.

ரிசல்ட் நாளன்று பாளையங்கோட்டை முன்னோட்ட நிலையத்துக்கு அம்மா செண்பகவல்லி கூட வந்தாள். அப்பாவுக்கு அன்றைக்குப் பார்த்து ஆபீஸில் தலைபோகிற வேலை. மகனின் எல்லா ரிசல்ட் நாளிலும் அவருக்கு அப்படித்தான் வரும்.

ஆலோசகர் பிரியம்வதா சென்னைக்காரி. இளவயது, இஸ்திரி கலையாத புடவை, அதைவிடக் கலையாத புன்னகை.

“வாழ்த்துகள். ஆவுடையப்பால தொண்ணூத்தாறு வந்திருக்கு.”

“நூத்துக்கா?” என்றாள் செண்பகவல்லி.

“நூத்துக்குத்தான்மா.”

“இவனுக்கா?”

“உங்க பையனுக்கேதான். இந்த வருஷம் இந்த மாவட்டத்துலயே இதுதான் அதிகம்.”

“எனக்கும் இவங்கப்பாவுக்கும் பத்துக்கு ஒம்பது பொருத்தம்னு சொன்னாவ. அந்தப் பொருந்தாத ஒண்ணு எதுன்னுதான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன்” என்ற செண்பகவல்லி, “இன்னொண்ணு எவ்வளவும்மா?” என்று கேட்டாள்.

பிரியம்வதாவின் புன்னகையில் முதன்முதலாக ஒரு சுருக்கம் விழுந்தது. “குற்றாலலிங்கத்துல இருபத்திரண்டு. பயப்படாதீங்க. அங்க உங்க பையனுக்குக் கொலை மிரட்டல் வந்திருக்கு. ஒரு தடவை இல்ல, நாலு வருஷமும் தொடர்ந்து.”

செண்பகவல்லி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னைக் கொல்லணும்னு நினைக்கற அளவுக்கு யாரும்மா எனக்கு மரியாத குடுத்தது?” என்றான் கோமதிநாயகம். உள்ளுக்குள் ஓடியது வேறு. நிழலாகப் போன இடத்தில்கூட நம்மை வைத்துக்கொள்ள மாட்டார்களா?

விரும்பினால் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றாள் பிரியம்வதா. முதலில் ஆவுடையப்பா.

சாப்பாட்டுக்கூடம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு மேசைக்கு ஒருவர். வாசலில் இரண்டு பையன்கள் “நீங்க முதல்ல போங்க”, “பரவால்ல, நீங்க போங்க” என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோமதிநாயகத்தின் நிழல் தட்டோடு வந்து உட்கார்ந்தது. யாராவது பேச்சை ஆரம்பிக்க மாட்டார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தது. அடுத்த மேசைப் பையனும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்தவனும் அப்படித்தான். பிரியம்வதா காட்சியை இரண்டாம் வருஷத்துக்கு ஓட்டினாள், மூன்றாம் வருஷத்துக்கு ஓட்டினாள். மீசைகள் வளர்ந்தன. ஓரக்கண்கள் அப்படியே இருந்தன.

“நாலு வருஷத்துல ஒரு சண்டைகூட இல்ல பாருங்க.”

“பேச்சு இருக்கா?” என்று கேட்டான்.

“உரசலே இல்ல. உரசல் இல்லாததைத்தான் பொருத்தம்னு கணக்குப் போடறோம். உங்களை மாதிரியே உள்ளவங்க அங்க நிறைய அப்ளை பண்ணியிருக்காங்க. முக்கால்வாசிப் பேரு உங்க டைப்தான்.”

“மேடம், நான் ஒருத்தன் இருக்கறதையே எங்க வீட்டுல தாங்க முடியல.”

அடுத்தது குற்றாலலிங்கம். திரை திறந்ததுமே சத்தம் கொட்டியது. தட்டுச் சத்தம், பெஞ்சு இழுக்கிற சத்தம், யாரோ யாரையோ ஊரைக் கூட்டித் திட்டுகிற சத்தம். கோமதிநாயகத்தின் நிழல் கூட்டத்துக்குப் பயந்து ஒரு தூணோரமாகத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றது. நடு மேசையிலிருந்து ஒரு பெண் திரும்பினாள். கறுத்த முகம், இரட்டைப் பின்னல், பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும் குரல்.

“ஏல சவமே! நீ புடிச்சிக்கிட்டு நிக்கலேன்னா அந்தத் தூணு ஒண்ணும் விழுந்துராது. இங்க வந்து உக்காருல!”

அவள் தலையைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் பளிச்சென்று மின்னியது.

நிழல் போய் உட்கார்ந்தது. பிரியம்வதா மூன்றாம் வருஷத்துக்கு ஓட்டினாள். அதே மேசை, இப்போது இன்னும் ஐந்தாறு பேர் நெருக்கியடித்து. நிழல் வழக்கம்போலத் தன் காதைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தது. அந்தப் பெண் கையிலிருந்த முருங்கைக்காயை அதன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“நிறுத்துல. ஒன்ன நீயே கலாய்ச்சிட்டா நாங்க எதுக்கு இருக்கோம்? எங்க வேலைய எங்ககிட்ட விடு, சவமே. நவுந்து உக்காரு, இவளுக்கு எடம் வேணும்.”

மறுபடி சிவப்புக் கட்டம். ஆனால் கோமதிநாயகம் கட்டத்தைப் பார்க்கவில்லை. அவன் நிழல் சிரித்துக்கொண்டிருந்தது. வாயைப் பொத்தாமல், கடைவாய்ப் பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வர. கண்ணாடியில் தினமும் பார்க்கிற மூஞ்சிதான். அது இப்படியெல்லாம் சிரிக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

“இதுல எங்கம்மா கொலை மிரட்டல்?” என்றாள் செண்பகவல்லி.

“சவம்னு சொல்றாங்களே. சவம்னா டெட் பாடிதானே? எங்க அகராதியில மரணம் சம்பந்தப்பட்ட சொல்லை ஒருத்தரைப் பார்த்துச் சொன்னா மிரட்டல் கணக்குல போயிடும்.”

செண்பகவல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். “யம்மா, எங்க வீட்டுக்காரர் காலையில செருப்பக் காணலேன்னாலே ரெண்டு சவத்தக் கூப்புட்டுட்டுத்தான் தேடவே ஆரம்பிப்பாரு. அவரையும் புடிச்சு உள்ள போடுவியளா?”

“நீங்க கவலையே படவேண்டாம்மா. நடவடிக்கை எடுத்தாச்சு” என்றாள் பிரியம்வதா, சமாதானப்படுத்துகிற குரலில். “அந்தப் பொண்ணு பேரு சுயம்புக்கனி. திருச்செந்தூர்ப் பக்கம். மிரட்டற சுபாவம்னு குறிச்சதால ரெண்டு பல்கலைக்கழகமும் அட்மிஷனை நிறுத்தி வெச்சிருக்கு. பாதிக்கப்பட்டவர் உங்க பையன். ஆமாம்னு இங்க கட்டை விரலை வெச்சுட்டா விஷயம் முடிஞ்சிடும்.”

சிரிப்பு நின்றது.

“அவங்க ஒண்ணும் செய்யலியே” என்றான் கோமதிநாயகம். “இது நடக்கவே இல்லியே?”

“நடந்தா இப்படித்தான் நடக்கும்னு சொல்லுது.”

“நான் இல்லேன்னு சொன்னா?”

“உங்க ரிப்போர்ட்டை நீங்களே மறுத்தா மொத்த ரிப்போர்ட்டும் செல்லாது. ரிப்போர்ட் இல்லாம ஆவுடையப்பால சேர்க்க மாட்டாங்க. தொண்ணூத்தாறு போயிடும். குற்றாலலிங்கத்து விசாரணைக் குழு முன்னாடி நேர்ல போய் வேற சொல்லணும். வேண்டாம்பா. யாருன்னே தெரியாத பொண்ணு.”

கோமதிநாயகம் வீரன் இல்லை. பஸ்ஸில் முன் சீட்டுக்காரரிடம் ஜன்னலைச் சாத்தச் சொல்வதோடு அவன் வீரம் தீர்ந்துவிடும், அதுவும் முன் சீட்டு காலியாக இருந்தால். கட்டை விரல் கண்ணாடித் தகட்டுக்கு மேலே தொங்கியது. திரையில் அவன் நிழல் சிரித்த வாயோடு உறைந்து நின்றது.

“இவன என்ன செய்வீங்க?”

“நிழலையா? ரிசல்ட் குடுத்ததும் அழிச்சிடுவோம். அதுதான் விதி.”

கட்டை விரலை மடக்கிக்கொண்டான். “நேர்லயே போய்ச் சொல்லுதேன்.”

“ஏல, தொண்ணூத்தாறுல!” என்றாள் அம்மா, அடிவயிற்றிலிருந்து.

“விடும்மா. பெயிலாகிப் பழக்கந்தான.”

விசாரணைக் குழுவின் தலைவர் பேராசிரியர் சென்னியப்பன், ஈரோட்டுப் பக்கம். வேலைக்காகத் தெற்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. யாரையும் ‘ங்க’ போடாமல் அவருக்குக் கூப்பிடத் தெரியாது. விடுதி நாயைக்கூடப் ‘போங்க’ என்றுதான் விரட்டுவாராம்.

அறையின் அந்தக் கோடியில் சுயம்புக்கனி தன் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். அதே இரட்டைப் பின்னல். ஆனால் இவள் தலை நிமிரவே இல்லை. கோமதிநாயகம் அறியாமல் சிரித்துவைத்தான். அவள் பார்க்கவில்லை.

“ஏனுங் தம்பி” என்று ஆரம்பித்தார் சென்னியப்பன். “ஒருத்தரைப் பொணம்னு கூப்பிட்டா எங்கூர்ல வெட்டுக்குத்தே ஆயிப்போயிருமுங்க. உங்களுக்குக் கோவம் வரலீங்களா?”

“சார், சவம்னா எங்க ஊர்ல பொணம் இல்ல. பொணந்தான், ஆனா பொணம் இல்ல.” நல்ல ஆரம்பம் என்று தன்னையே மெச்சிக்கொண்டான். “மழை பெஞ்சா சவத்து மழை. பெய்யலேன்னா சவத்து வெயில். பஸ் வரலேன்னா சவத்து பஸ். யாரும் யாரையும் சாகச் சொல்றது இல்ல சார்.”

“அப்பக் கோவத்துல சொல்றதே இல்லீங்களா?”

“கோவத்துலயும் சொல்லுவாங்க.”

“பிரியத்துலயும் சொல்லுவாங்க?”

“ஆமா சார்.”

“ரெண்டுக்கும் ஒரே சொல்லுன்னா எது கோவம், எது பிரியம்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது? மெஷினை விடுங்க, எனக்கே புரியலீங்களே.”

கோமதிநாயகத்துக்கும் தெரியவில்லை. தெரியாதபோது அவன் என்ன செய்வானோ அதைச் செய்தான். “என்னைப் பாத்து அப்படிச் சொன்னதுல தப்பே இல்ல சார். நேர்லயே பாக்கறீங்கள்ல, இன்னும் ரெண்டு ஊதுபத்தி கொளுத்தி வெச்சா வேலை முடிஞ்சுது.”

குழுவினர் சிரித்தார்கள். ஒருவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் பேனாவை மூடிப் பையில் செருகினார். கோமதிநாயகத்துக்குத் திடீரென்று புரிந்தது. இவர்களும் இப்போது எழுந்து போகப் போகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்து வருகிற அதே காட்சி. இந்தத் தடவை இவர்கள் போனால் கூடவே அந்தப் பெண்ணின் படிப்பும் போய்விடும்.

“சார், ஒரு நிமிஷம். கோவத்துல சொன்னா, சொல்லிட்டுப் போயிருவாங்க. பிரியத்துல சொன்னா, அதுக்கப்புறம் ‘உக்காரு’ன்னு ஒரு வார்த்தை வரும். எனக்குக் காட்டுன அளவுக்கு முழுக்கப் பாத்தேன் சார். இவங்க அத எப்பச் சொன்னாலும் கூடவே இடம் போட்டாங்க.” செருமிக்கொண்டான். “என்னை நிறைய பேரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருக்காங்க. ஒருத்தரும் உக்காரச் சொன்னதில்ல.”

பேனாக்காரர் பையிலிருந்து பேனாவைத் திரும்ப எடுத்தார். சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆவுடையப்பாவுல தொண்ணூத்தாறுன்னு கேள்விப்பட்டனுங்க. அது போயிருமுங்களே?”

“போயிருச்சு சார்.”

“வருத்தமில்லீங்களா?”

“நெறைய இருக்கு சார்.”

சுயம்புக்கனியின் பெயர் மேலிருந்த தடை அன்றைக்கே நீங்கியது. அகராதியில் அந்த ஒரு சொல்லைத் தென்மாவட்டங்களுக்கு மட்டும் விலக்கி வைப்பதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. மூதி, பேதி, கட்டையில போறவன் முதலான வசவுகள் இன்னும் பரிசீலனையில் இருக்கின்றன. கோமதிநாயகத்துக்குக் குற்றாலலிங்கத்தில் இடம் தருவதில் சிக்கலே இல்லை. உரசல் அதிகம் என்று மார்க் குறைந்து ஆட்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் ஓடிப்போனதில் அங்கே பாதி வகுப்பு காலி.

வராந்தாவில் சுயம்புக்கனியின் அப்பா ஞானதிரவியம் அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்கலங்கினார். வண்டியை எடுத்துவருகிறேன் என்று படியிறங்கினார். அவள் மட்டும் நின்றாள். நாலு வருஷம் அவளோடு சாப்பிட்டவன் என்ற உரிமையில் கோமதிநாயகம் வாயைத் திறந்தான்.

“ரொம்ப நன்றிங்க” என்றாள் அவள்.

அந்த ‘ங்க’ அவனைச் சரியாக நெஞ்சில் அடித்தது. தொண்ணூத்தாறு மார்க் வாங்குகிற ‘ங்க’.

“இனிமே யாரையும் அப்படிப் பேசமாட்டேன்னு அப்பாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேங்க. உங்களுக்குச் சங்கடமா இருந்திருந்தா மன்னிச்சுக்கோங்க.”

“அய்யோ, இல்ல. உங்க முன்னோட்டத்துல நான் எப்படி இருந்தேன்? இதே மாதிரிதான் அறுத்தேனா?”

அவள் முதன்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். “அதுல நீங்க இல்லீங்களே.”

“இல்லியா?”

“ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாத்தான ஓட்டுவாங்க? எனக்கு ஓட்டுனதுல என் கூட்டாளிங்க வேற ஆளுங்க.” புருவத்தைச் சுருக்கினாள். “இருங்க. தூண்கிட்ட ஒருத்தர் நிப்பாங்க. நாலு வருஷமும் தனியாத்தான் சாப்பிடுவாங்க. அது நீங்களா?”

அவன் தலையசைத்தான்.

“முத நாளு நான் அந்தப் பக்கம் திரும்புனேன். கூப்பிடத்தான் திரும்புனேன்போல, வாயெல்லாம் திறந்தேன். அந்நேரம் யாரோ தண்ணி ஜக்கு கேட்டாங்க. எடுத்துக் குடுத்துட்டு அப்படியே பேச்சுல போயிட்டேன்.” பின்னல் நுனியைத் திருகிக்கொண்டே, “பாத்தப்ப ஒண்ணும் தோணல. இப்பச் சொல்லும்போதுதான் ஒரு மாதிரியா இருக்கு” என்றாள்.

ஒரு தண்ணி ஜக்கு. யாரோ கேட்டால் ஆயுசுக்கும் தூணோரம், கேட்காவிட்டால் கடைவாய்ப் பல் தெரிகிற சிரிப்பு. இதற்குத்தான் தொப்பி மாட்டி, ராகுகாலம் பார்த்து, இத்தனை பாடு. கோமதிநாயகத்துக்குத் தன்னைப் பற்றி அடுக்கடுக்காக மூன்று ஜோக் தோன்றியது. மூன்றுமே பிரமாதம். மூன்றையும் விழுங்கினான்.

சாப்பாட்டு மணி அடித்தது. வண்டி வரும்வரை ஒரு வாய் சாப்பிட்டு வரச்சொல்லி ஞானதிரவியம் கீழேயிருந்து கை காட்டினார்.

கூடம் நிஜமாகவே பெரிது, நிஜமாகவே காலி. ஆளுக்கொரு மேசை என்று தாராளமாக உட்காரலாம். சுயம்புக்கனி தட்டை வாங்கிக்கொண்டு ஒரு நீள மேசையின் நடுவில் போய், முதுகு நிமிர்த்தி, சத்தம் வராமல் சாப்பிட ஆரம்பித்தாள். பரீட்சை எழுதுகிறவள்போல.

கோமதிநாயகம் தட்டோடு நின்றான். வலது பக்கம் காலி மேசை, இடது பக்கம் காலி மேசை. கொஞ்ச நேரம் நின்றால் யாராவது கூப்பிடுவார்கள் என்று கால் சொன்னது. யார் கூப்பிடுவார்கள்? கூப்பிடுகிறவளின் வாயைத்தான் சத்தியம் வாங்கிப் பூட்டியாயிற்றே. பிறந்ததிலிருந்து அவன் யாரையும் கூப்பிட்டதில்லை. எப்படிக் கூப்பிடுவது என்றுகூட அவன் நிழல் மூலமாகத்தான் தெரிந்துகொண்டிருந்தான்.

நடந்தான். அவள் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றான். சாம்பார் தட்டில் ஆடியது. மரியாதையாகவும் இருக்கவேண்டும், உரிமையாகவும் இருக்கவேண்டும் என்று மனசுக்குள் இரண்டு பேர் அடித்துக்கொண்டதில், வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது.

“ஏங்க சவமே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

கூடத்தில் சாதம் பரிமாறுகிறவர் கரண்டியை நிறுத்திவிட்டார். சுயம்புக்கனி சோற்றுக்கையோடு மெதுவாகத் திரும்பினாள். அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை.

“அத இப்படியால சொல்லுவாவ?” என்றாள், பெஞ்சில் நகர்ந்துகொண்டே.